கூதிர், முன்பனி, காலை நடை

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் வரிசையைப் பள்ளியில் ஒப்பிக்காதவர் நம்மில் குறைவு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி என்று உரையாசிரியர்கள் திங்கள் வகுத்துக் காட்டினர். வகுப்பறையில் இப்பொழுதுகளை அகத்திணையோடு சேர்த்தே கற்பிக்கிறோம். கூதிர் என்றதும் தலைவியின் தனிமை நினைவுக்கு வருகிறது. முன்பனி என்றதும் வினைமுற்றி மீளாத தலைவன் நினைவுக்கு வருகிறான். நம் சொந்த உடம்பு நினைவுக்கு வருவதில்லை. நாற்பதைக் கடந்தவர்களுக்கோ இந்த நான்கு திங்கள்களும் ஒரு சோதனைக் காலம். ஐப்பசி அடைமழையில் நடை நின்றுபோகும். கார்த்திகையில் 'மழை விடட்டும்' என்போம். மார்கழியில் 'பனி குறையட்டும்' என்போம். தையில் 'பொங்கல் கழியட்டும்' என்போம். மாசியில் இரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்து சேரும்.

பனி நாடுகளில் வாழும் நண்பர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். மார்கழியில் திருச்சிராப்பள்ளியின் அதிகாலை வெப்பநிலை 20 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். இதற்கா மப்ளர், இதற்கா குரங்குக் குல்லாய் என்று கேட்கலாம். சித்திரை வெயிலில் 40 பாகையைத் தாங்கிப் பழகிய உடம்புக்கு இருபது குளிர்தான். இலண்டனில் டிசம்பர் இறுதியில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கெல்லாம் வெளிச்சக் குறைவு மனத்தையே சோர்வுறச் செய்வதை மருத்துவர்கள் 1984 இல் தனி நோயாக விவரித்துப் பெயரும் இட்டனர். நம்முடைய இருட்டு அவ்வளவு கொடிதன்று. ஆனால் நம் இருட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு நாங்கள் எதிர்பார்த்தபடி இல்லை என்பதுதான் இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

எங்கள் நடைக்குழுவில் நால்வர். தமிழ், இயற்பியல், வரலாறு ஆகிய மூன்று துறைகளிலிருந்து ஒவ்வொருவர், நான்காமவர் நூலகர். இயற்பியலும் நூலகமும் பெண்கள். நால்வருக்கும் வீடு திருவரங்கத்தில், ஒன்றுக்கொன்று கூப்பிடு தொலைவில். சித்திரை வீதியை ஒரு சுற்றுச் சுற்றிவர எங்கள் கால்களுக்கு அரை மணி ஆகும். கோயில் நகரத்துக்கு ஒரு வசதி உண்டு: வீதிகள் மதில்களைச் சுற்றி நாற்கரமாக ஓடுவதால் எங்கே தொடங்கினாலும் அங்கேயே வந்து சேரலாம், பாதியில் திரும்பினாலும் அதே தூரந்தான். நடையைக் குறுக்க விரும்புகிறவருக்கு வீதியமைப்பே இடங்கொடுப்பதில்லை.

முதலில் மாலையில்தான் நடந்தோம். கல்லூரி முடிந்து பேருந்து பிடித்து வீடு வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புவோம். ஆவணி, புரட்டாசி வரை தொல்லையில்லை. கார்த்திகை பிறந்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இருட்டிவிடும். மார்கழியில் இன்னும் சீக்கிரம் இருட்டுமே என்று வரலாற்றுப் பேராசிரியர் ஒருநாள் சொன்னபோது, இயற்பியல் அம்மையார் மறுத்தார். இந்த ஊரில் சூரியன் ஆண்டிலேயே மிக முந்தி மறைவது மார்கழியில் அன்று, கார்த்திகை முதல் வாரத்தில் என்றார். கணக்கும் போட்டுக் காட்டினார். நவம்பர் 18 ஆம் நாளை ஒட்டித் திருச்சியில் சூரியன் மறைவது ஏறத்தாழ 5.49 மணிக்கு. பகல் மிகக் குறுகிய டிசம்பர் 21 அன்றோ மறைவு 5.58 மணிக்கு. காலையில் இதற்கு நேர்மாறு. மார்கழி முதல் வாரத்தில் உதயம் 6.28 மணியை ஒட்டி. அது மேலும் மேலும் பிந்தி, தை இரண்டாம் வாரத்தில் 6.39 மணிக்குப் போய் நிற்கும். ஆண்டின் மிகத் தாமதமான விடியல் தையில்தான்.

காரணம் எளிது. பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது. அது சூரியனைச் சுற்றும் பாதையும் சரியான வட்டமன்று. ஆகவே சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரப்படி ஒன்றுபோல் இருப்பதில்லை. நவம்பர் தொடக்கத்தில் முந்தியும் பிப்ரவரியில் பிந்தியும் வரும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை மணி வேறுபாடு. பகல் நீளம் பெரிதும் மாறாத நம்மைப் போன்ற தென்கோடியில் இந்த அரை மணிதான் விடியலையும் அந்தியையும் இழுத்துச் செல்கிறது. எனவே மாலையில் நடப்பவருக்கு இருட்டுக்காலம் ஐப்பசி, கார்த்திகை. அதிகாலையில் நடப்பவருக்கு மார்கழி, தை. கூதிர், முன்பனி என்று இதை இரண்டாகப் பிரித்த முன்னோர் வேறு காரணங்களுக்காகப் பிரித்தனர். ஆயினும் நடைக்குழுவின் கால அட்டவணைக்கும் அந்தப் பிரிவு பொருந்திவந்தது எங்களுக்கு வியப்பே.

கூதிர் என்றால் நெடுநல்வாடையைச் சொல்லாமல் நகர முடியாது. 188 அடிகளில் நக்கீரர் ஓர் ஊரே குளிரில் சுருங்குவதைக் காட்டுகிறார். ஆயர் தீ மூட்டிக் கை காய்ச்சுகிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. புறாக்கள் இரை தேடப் போகாமல், இரவா பகலா என மயங்கி, மாடத்துப் பலகையிலேயே இடம் மாறி மாறி இருக்கின்றன. சந்தனக்கல் வேலையற்றுக் கிடக்கிறது, விசிறிகளில் சிலந்தி வலை, சாளரங்கள் அடைபட்டிருக்கின்றன. உடற்பயிற்சியைக் கைவிட்ட நடுத்தர வயது வீடொன்றின் படம் இதைவிடத் துல்லியமாக வரையப்பட்டதில்லை எனலாம். மாடப் பலகையில் இடம் மாறி உட்காரும் அந்தப் புறாக்கள் நாமே அன்றோ, நாற்காலியிலிருந்து சோபாவுக்கும் சோபாவிலிருந்து கட்டிலுக்கும்!

அப்பாட்டில் வெளியே நடமாடுகிறவர்களும் உண்டு. கள்ளுண்டு களித்துத் துவலையைப் பொருட்படுத்தாமல் தெருவில் திரியும் வலியவர்கள் சிலர் வருகிறார்கள். அவர்களை நம் கணக்கில் சேர்க்க வேண்டாம். இன்னொருவன் பாட்டின் இறுதியில் வருகிறான். நள்ளிரவு, வாடை, தூறல். பாசறையில் உறங்காத அரசன் கூடாரத்தை விட்டு வெளியேறி, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தபடி நடக்கிறான். அகமா புறமா என்னும் பழைய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். நடப்பவர் கண்ணோடு படித்தால் வேறொன்று தெரிகிறது. அவனுக்கும் குளிர் இருந்திருக்கும். படுத்துக் கிடப்பவர்கள் அவன் வருகைக்குக் காத்திருந்தார்கள், அவன் எழுந்தான்.

இந்த வாசிப்பு வகுப்பறையில் தோன்றியதன்று. எங்கள் குழுவின் மூத்தவரிடமிருந்து கற்றது.

வரலாற்றுப் பேராசிரியரை நாங்கள் மூவரும் 'சார்' என்றே அழைப்போம். அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. 2021 மே மாதத்தில் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் துணைவியாரை இழந்தார். பிள்ளைகள் வெளியூரில். அவ்வாண்டுக் கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது, நடை நின்றது. எங்களுக்கு அது மழை விடுமுறை. மழை விட்டதும் நாங்கள் மூவரும் தொடர்ந்தோம், அவர் வரவில்லை. கைபேசியில் அழைத்தால், 'இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கு, நாளைக்குப் பார்ப்போம்' என்பார். குரலில் குறை தெரியாது. கைபேசியின் வசதியே அதுதான். சட்டையின் கசங்கலையும் மழிக்காத முகத்தையும் அது காட்டுவதில்லை. 2022 மாசியில் மூன்று மாதச் சராசரி காட்டும் சர்க்கரைப் பரிசோதனையில் 9.1 வந்தது. முந்தைய புரட்டாசியில் 7.2 இருந்தது. காலில் உணர்ச்சி குறைந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். இடக்கால் விரலிடுக்கில் ஒரு சேற்றுப்புண் ஐந்து வாரமாக ஆறாமல் இருந்ததை அவர் அதுவரை கவனித்திருக்கவில்லை. கவனித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

'மனவுறுதி வேண்டும் சார்' என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. தன்னம்பிக்கை நூல்கள் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் ஒருவர் காப்பி போட, ஒருவர் செய்தித்தாள் எடுக்க எழுந்து பழகியவரிடம் இனித் தனியே எழுந்திருங்கள் என்பது அறிவுரையாகாது. அவருக்கு உறுதி குறையவில்லை. அவரை எழுப்ப ஆளில்லாமல் போயிற்று, அவ்வளவே.

ஆண்டாள் இதை அறிந்திருந்தாள் என்று நூலகர் ஒருநாள் சொன்னார். திருப்பாவை முப்பது பாசுரங்களில், 6 முதல் 15 வரை பத்துப் பாசுரங்கள் வீடு வீடாகச் சென்று தோழியரை எழுப்புவதற்கே செலவாகின்றன. மூன்றில் ஒரு பங்கு! நோன்புக்கு உரிய நீராட்டத்தையும் பறையையும்விட, எழுந்து வராதவளின் வாசலில் நிற்பது அவளுக்கு முதன்மையாகப் பட்டிருக்கிறது. அங்கே உறங்குகிறவள் இகழப்படுவதில்லை. கேலி உண்டு, செல்லக் கோபம் உண்டு, விட்டுவிட்டுப் போவது மட்டும் இல்லை. பதினைந்தாம் பாசுரத்தில் உள்ளிருப்பவளும் வெளியிலிருப்பவர்களும் உரையாடுகிறார்கள். எல்லாரும் வந்தாயிற்றா என்று அவள் கேட்க, வெளியே வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்று பதில் வருகிறது. வருகைப் பதிவேடு வைத்துப் பழகிய எங்களுக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். திருவெம்பாவையும் உறங்குகிறவளை எழுப்பியே தொடங்குகிறது. ஆண்டின் மிகக் குளிர்ந்த திங்களில் ஒருவர் தனியே எழ மாட்டார் என்பதைச் சமயம் கடந்த உண்மையாக நம் மரபு கண்டிருக்கிறது போலும்.

2022 ஐப்பசியில் ஒரு விதி செய்துகொண்டோம். நடை இனி அதிகாலை 5.30 மணிக்கு. கைபேசியில் அழைப்பதில்லை. முதலாமவர் இரண்டாமவர் வாசலுக்குச் செல்ல வேண்டும், இருவரும் மூன்றாமவர் வாசலுக்கு, மூவரும் சார் வீட்டு வாசலுக்கு. மழை பெய்தாலும் வாசல்வரை வந்தாக வேண்டும். நடக்க முடியாத நாளில் அவர் வீட்டுத் தாழ்வாரத்திலேயே பயிற்சி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து இருபது முறை எழுந்து அமர்வது. சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்தி இறக்குவது. மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்குவது. முதல் வாரத்தில் இருபதில் எட்டோடு சார் நிறுத்திக்கொண்டார். மார்கழி முடிவதற்குள் இருபதைத் தொட்டார். இளமையில் தண்டாலும் பஸ்கியும் போட்ட கதைகள் அதற்குப் பிறகுதான் வெளிவந்தன.

2023 மாசியில் அந்த எண் 7.4 ஆக இறங்கியது. நடை ஒன்றே இதைச் செய்ததென நாங்கள் சொல்லமாட்டோம். மருந்து மாற்றினார்கள், இரவுச் சோறு குறைந்தது, காலையில் நால்வரும் சேர்ந்து உண்ணத் தொடங்கினோம். புண் ஆறியது. "நடக்கிறதுக்காக நான் எந்திரிக்கலை தம்பி. நீங்க மூணு பேரும் பனியில வாசல்ல நிப்பீங்களேன்னுதான் எந்திரிக்கிறேன்" என்றார் சார். நெடுநல்வாடை அரசனை எங்களுக்கு விளக்கிய உரை அதுதான்.

உடம்பின் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் கொள்ள வேண்டும், இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 இல் வழிகாட்டியது. நாளைக்கு அரை மணியாக ஐந்து நாள் நடந்தால் கீழ் வரம்பு நிறைந்துவிடும். இயங்கும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலேயே இரத்தத்தின் குளுக்கோசை உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதே சர்க்கரை நோயருக்கு நடை மருந்தாவதன் சூட்சுமம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023 இல் மதிப்பிட்டது. நம் தெருவில் இல்லாத வீடு எது?

பனிக்காலத்துக்கென்று சில எச்சரிக்கைகளும் உண்டு. குளிரில் இரத்த நாளங்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும். ஆகவே முதல் ஐந்து நிமிடம் மெல்ல நடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே விடியற்காலை நடையைத் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடக்கலாகாது. சட்டைப்பையில் நாலு கற்கண்டு இருக்கட்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு நடப்பதைத் தவிர்க்க வேண்டும். கோயில் வீதியில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர் உண்டு. பெருமாளைச் சேவிக்கும்போது கழற்றிக்கொள்ளலாம். நடைப்பயிற்சிக்குச் செருப்போ காலணியோ அவசியம். மழைநாளில் ஈரக் காலுறையை உடனே மாற்றி, விரலிடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இருட்டில் வெள்ளைச் சட்டையும் கையில் டார்ச்சும். நாய்களுக்கு நால்வராக நடப்பதைவிடச் சிறந்த மாற்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இனித் தைக்கு வருவோம். மார்கழியில் திருவரங்கத்து வீதிகள் ஐந்து மணிக்கே விழித்துவிடும். வாசலுக்கு வாசல் சாணம் தெளித்துக் கோலமிடும் பெண்கள், கோலத்தின் நடுவே பூசணிப்பூ, பஜனைக் கோஷ்டி, கோயிலுக்கு விரைவோர், தேநீர்க் கடை வெளிச்சம். இருட்டு இருக்கிறது என்பதே மறந்துபோகும். பொங்கல் கழிந்த மறுநாளே வீதி மீண்டும் உறங்கப் போய்விடுகிறது. ஆனால் விடியலோ மார்கழியைவிடப் பத்து நிமிடம் பிந்தித்தான் வருகிறது. இந்த முரணை முதலில் கண்டுபிடித்தவர் நூலகர். "மார்கழியில எனக்குப் பயமே இல்லை சார். தையிலதான் பயம். அதே தெரு, அதே இருட்டு, ஆள்தான் இல்லை" என்றார். கோலமிடும் பெண்கள் இருக்கும்வரை தனியாகவே எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். தை பிறந்ததும் அவர் வீட்டு வாசலிலிருந்து வரிசையைத் தொடங்கும்படி விதியைத் திருத்தினோம். ஆண்களாகிய எங்களில் இருவருக்கு, இருபது ஆண்டுகளாக நடந்த தெருவில் இப்படியொரு வேறுபாடு இருப்பது அதுவரை தோன்றியதேயில்லை. ஆய்ச்சியர் கூட்டமாகவே புறப்பட்டதற்குப் பக்தியோடு இந்தக் காரணமும் இருந்திருக்கலாம்.

ஆக, இருட்டை அளக்கச் சூரியனின் கணக்கு மட்டும் போதவில்லை. தெருவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டியிருக்கிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. நல்ல செயல், பாதை வேண்டும், விளக்கு வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களும் நடைப்பொறிகளும் வசதியுள்ளவர்க்கு உதவும். கட்டணம் கட்டிய கூடத்துக்குப் போகாமலிருப்பது எளிது, விளக்கெரியும் பாதையில் நடக்காமலிருப்பதும் எளிது. வாசலில் நிற்கும் மூவரைத் திருப்பி அனுப்புவதுதான் கடினம்.

சார் 2024 இல் ஓய்வு பெற்றார். சென்னைக்கு வந்துவிடுமாறு மகன் அழைக்கிறார்; போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அடுக்ககத்தில் பதினோராம் மாடியாம், மின்தூக்கி உண்டாம், கீழே நடைபாதையும் உண்டாம். "வாசல் இருக்கா?" என்று நூலகர் கேட்டார். சார் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எங்களிடமும் தங்கியிருக்கிறது. எங்களுக்கும் வயது ஏறுகிறது. நால்வரில் ஒருவர் குறைந்தால் வரிசை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஐப்பசியில் எதிர்வீட்டு இளைஞர் ஒருவரைச் சேர்த்திருக்கிறோம். கணினி வேலை, வீட்டிலிருந்தே செய்கிறார், வயது இருபத்தொன்பது, முதுகுவலி. முதல் நான்கு நாள் எழவில்லை. ஐந்தாம் நாள் கதவைத் திறந்து, கண்ணைக் கசக்கியபடி, "தினமும் வருவீங்களா?" என்று கேட்டார். வருவோம் என்றோம்.